மரம் சிவந்தது, படம் சிவக்கவில்லை: சேலம், ஏற்காடு இலைநிறப் படங்களில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

தை பிறந்துவிட்டால் என் போனுக்கு ஒரே மாதிரி கேள்விகள் வர ஆரம்பிக்கும். "அண்ணா, பாதாம் மரம் செக்கச்செவேல்னு நிக்குதுங்க. படத்துல பார்த்தா செங்கப்பொடி கொட்டுன மாதிரி இருக்கு. கேமரா போயிடுச்சுங்களா?" கேமரா போகவில்லை. பெரும்பாலும் அது போவதே இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர் அதற்குள் லென்ஸ் விலை விசாரித்திருப்பார்.

கீழே உள்ளதை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. உங்கள் படத்தில் என்ன குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாகும் காரணம் முதலில் வரும், பர்ஸைத் திறக்க வைக்கும் காரணம் கடைசியில் வரும். போனுக்கும் கேமராவுக்கும் வழி மாறும் இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

அறிகுறி: நிறமே இல்லை, எல்லா மரமும் பச்சை

இது அக்டோபர் மாதத்துப் புகார். வெளிநாட்டுப் பூங்காக்களின் மஞ்சளையும் ஆரஞ்சையும் போனில் பார்த்துவிட்டு, அதே மாதத்தில் ஏற்காட்டுக்கு வண்டியை எடுப்பவர்கள் சொல்வது. அக்டோபர், நவம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். மரங்கள் நனைந்து, கொழுத்து, பச்சையாக நிற்கும். கேமராவில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் இல்லாத நிறம் வராது.

நம் ஊரில் இலை நிறம் மாறுவது குளிர் தொடங்கும்போது அல்ல, குளிர் முடியும்போது. தை, மாசியில் நாட்டு வாதாம் இலை சிவந்து கொட்டும். சேலத்தில் பள்ளிக்கூட வளாகங்களிலும் பழைய வீட்டு வாசல்களிலும் இந்த மரம் நிற்கும், பூங்காவுக்குப் போகவேண்டும் என்றுகூட இல்லை. மாசி, பங்குனியில் இலுப்பையும் அரசும் இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்க்கும். அதே சமயத்தில் வறண்ட காட்டுப் பகுதிகளில் புரசு இலையில்லாமல் பூத்து நிற்கும். மேலே ஏற்காட்டில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் சிவக்கும். பிறகு கல்யாண முருங்கை மொட்டையாக நின்று சிவப்புப் பூ விடும். கோடை மழை விழுந்ததும் காப்பிச் செடி வெள்ளையாகப் பூக்கும். மே மாதக் கோடை விழா மலர்க் கண்காட்சி வேறு கணக்கு. அது தொட்டியில் வளர்த்த நிறம்.

நிறம் இங்கே இரண்டு தடவை வருகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கொட்டுகிற இலையில் ஒரு தடவை, துளிர்க்கிற இலையில் ஒரு தடவை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அழகு. அரசந்தளிர் வெயிலில் ஒளி ஊடுருவி மின்னும்போது எடுத்த படத்தைப் பார்த்து வெளிநாட்டு மரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சில நாள்தான் இருக்கும், அப்புறம் பச்சையாகிவிடும். சேலத்துக்காரருக்கு மாந்தளிரைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அதுவும் செம்பு நிறம்தான்.

சோதனை: மரத்தடியைப் பாருங்கள். தரையில் சிவப்பு இலை கிடந்து, மேலே கிளை பாதி மொட்டையாக இருந்தால் தாமதமாக வந்திருக்கிறீர்கள். தளிருக்கு ஒரு வாரம் கழித்து வாருங்கள். தரை சுத்தமாக இருந்து, மேலே ஓரிரண்டு இலை மட்டும் சிவந்திருந்தால் சீக்கிரம் வந்துவிட்டீர்கள். ஒரே தெருவில் நிற்கும் இரண்டு வாதாம் மரம்கூட ஒரே நாளில் சிவப்பதில்லை, அதனால் அடுத்த மரத்தையும் போய்ப் பாருங்கள்.

யாரைக் கூப்பிடுவது? பூங்காத் தோட்டக்காரரை. எந்த மரம் எந்த வாரம் கொட்டும் என்பது அவருக்குத் தெரியும், பெருக்குகிறவர் அவர்தான்.

அறிகுறி: சிவப்பு இலை மொத்தமாக அப்பிக்கொண்டது, நரம்பே தெரியவில்லை

அதிகம் வருகிற புகார் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். படத்தைப் பெரிதாக்கினால் இலையின் நரம்பு, ஓட்டை, நிழல் எதுவும் இல்லாமல் ஒரே சிவப்புத் தீற்றலாக இருக்கும்.

*போனில் எடுத்தீர்களா?* காட்சியைப் பார்த்து நிறத்தைத் தானாகக் கூட்டும் அமைப்பு பல போன்களில் இருக்கும். கேமரா அமைப்புகளில் 'சீன்', 'ஏஐ', 'விவிட்' என்று எந்தப் பெயரில் இருந்தாலும் முதலில் அதை அணையுங்கள். பிறகு இலையின் மேல் விரலை வைத்துத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து எடுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

*கேமராவில் எடுத்தீர்களா?* படத்தைத் திரையில் போட்டு ஹிஸ்டோகிராமை, அதாவது வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வெள்ளை வரைபடத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும் வரைபடம் வேண்டும். பச்சையும் நீலமும் நடுவில் நிற்க, சிவப்பு மட்டும் வலது சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தால் கோளாறு அதுதான். மொத்த வெளிச்சம் சரியாகவே இருக்கும், சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும்.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 2/3-லிருந்து மைனஸ் 1 வரை இறக்கி மறுபடி எடுங்கள். சிவப்பு வரைபடம் சுவரை விட்டு நகர்ந்துவிட்டதா? சரியாகிவிட்டது. நகரவில்லை என்றால் பிக்சர் ஸ்டைல் 'விவிட்' அல்லது 'லேண்ட்ஸ்கேப்'பில் இருக்கிறதா பாருங்கள், 'நியூட்ரல்' அல்லது 'ஸ்டாண்டர்ட்'டுக்கு மாற்றுங்கள். அப்படியும் முட்டினால் ராவில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். ஜேபெக்கில் போய்விட்ட சிவப்பில் கொஞ்சம் ராவில் மிச்சமிருக்கும், கம்ப்யூட்டரில் மீட்கலாம்.

இதையெல்லாம் பார்த்தும் சரியாகாமல், கம்ப்யூட்டரில் மட்டும் அப்பலாகத் தெரிகிறதா? திரையைச் சந்தேகப்படுங்கள், கேமராவை அல்ல. அதே படத்தை இன்னொரு திரையில் போட்டுப் பாருங்கள். இந்த அறிகுறிக்காகக் கேமராவை சர்வீஸுக்குக் கொண்டுபோகத் தேவையே வராது. யாராவது "சென்சார் மாத்தணும்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அறிகுறி: இலை வெள்ளையாகப் பளபளக்கிறது, நிறம் அடியில் மறைந்துபோகிறது

மதியம் பதினொன்றிலிருந்து மூன்று வரை எடுத்த படமா? அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. சேலத்து வெயில் வாதாம் இலையின் மெழுகுப் பரப்பில் பட்டால் அது கண்ணாடிதான். காலை எட்டு மணிக்கு முன்னாலோ மாலை நான்கரைக்குப் பின்னாலோ வாருங்கள். பூங்கா திறக்கும் நேரம் ஒத்துவராவிட்டால் சாலையோர மரத்தைப் பிடியுங்கள்.

நேரம் மாற்ற முடியாதா? இடத்தை மாற்றுங்கள். மரத்தின் மறுபக்கம் போய், சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். பளபளப்பு மறைந்து இலை உள்ளிருந்து எரியும். வெயில் நேராக லென்ஸில் அடிக்காமல் ஒரு கையாலோ தொப்பியாலோ மறைத்துக்கொள்ளுங்கள். மறைக்காவிட்டால் படம் முழுக்க வெளுத்துவிடும்.

அதுவும் போதவில்லை என்றால்தான் சிபிஎல் ஃபில்டர், அதாவது பளபளப்பை அடக்கும் போலரைசர் கண்ணாடி. லென்ஸ் முன்னால் மாட்டி மெதுவாகத் திருகினால், ஒரு இடத்தில் பளபளப்பு அடங்கி நிறம் எழும்பும். அங்கே நிறுத்துங்கள். மழை நின்ற ஈர இலைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. அது ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) என்பதை மறக்காதீர்கள், ஷட்டர் மெதுவாகிப் படம் கலங்கும். அகல லென்ஸில் வானம் சேர்ந்தால் ஒருபக்கம் கரும்நீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் போகும். சேலத்து மூக்கனேரி ஏரியில் தீவுத் திட்டுகளின் நிழல் நீரில் விழுவதை எடுக்கப் போனால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். அது நீங்கள் எடுக்கவந்த பிம்பத்தையே அழித்துவிடலாம்.

மிக மலிவாகக் கிடைக்கும் ஃபில்டர் சில சமயம் தானே ஒரு சாயத்தைச் சேர்க்கும். சோதனை சுலபம்: ஒரு வெள்ளைத் தாளை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்துப் பாருங்கள். லென்ஸைப் பாதுகாக்க என்று கடையில் மாட்டிவிட்ட யுவி கண்ணாடிக்கும் இதே சோதனைதான்.

அறிகுறி: படம் முழுக்க நீலமாகவோ பச்சையாகவோ இருக்கிறது

ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலை) ஆட்டோவில் இருக்கிறதா? பெரும்பாலும் அதுதான். ஃபிரேம் நிறையச் சிவப்பும் மஞ்சளும் இருந்தால் ஆட்டோ அதைக் கோளாறு என்று நினைத்துக் குளிர்ச்சியாக்கிவிடும். வெயிலில் 'டேலைட்'டுக்கு, அதாவது சுமார் 5500 கெல்வினுக்கு மாற்றுங்கள். ஏற்காட்டு மேகமூட்டத்தில் 'கிளவுடி', சுமார் 6500. நிழலில் நின்றால் 'ஷேட்'.

பச்சைச் சாயம் வேறு. அடர்ந்த மரநிழலில் மேலிருந்து வரும் ஒளியே இலை வழியாக வடிகட்டிப் பச்சையாக வருகிறது. ஆளை நிறுத்தி எடுத்தால் முகமும் பச்சையாகும். கெல்வினைக் கூட்டிக் குறைத்தால் போகாது. 'டின்ட்' என்ற இரண்டாவது கோட்டை மெஜந்தா பக்கம் தள்ளவேண்டும். அதைவிட எளிது, ஆளை நிழலின் விளிம்புக்கு நகர்த்துவது.

அறிகுறி: வானம் வெளுத்தது, மரம் கறுத்தது

வானத்தை ஃபிரேமிலிருந்து வெட்டிவிடுங்கள். அவ்வளவுதான். வானம் கட்டாயம் வேண்டுமென்றால் போனில் ஹெச்டிஆரைப் (பல வெளிச்சத்தில் எடுத்துத் தானே சேர்க்கும் முறை) போடுங்கள், கேமராவில் மூன்று வெளிச்சத்தில் எடுத்து நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். இலைக்கூட்டத்தில் காற்று இருந்தால் மூன்று படமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: படம் கலங்கல்

கலங்கலில் நான்கு ஜாதி உண்டு. எது என்று தெரியாமல் "லென்ஸ் ஷார்ப் இல்லீங்க" என்று சொல்வதுதான் செலவு வைக்கும். படத்தை நூறு சதவீதம் பெரிதாக்குங்கள்.

*அடிமரம் தெளிவு, இலை மட்டும் கலங்கல்:* காற்று. ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்கு ஏற்றுங்கள். அரசிலைக்கு அது போதாது, காற்றே இல்லாத நாளிலும் ஆடுகிற இலை அது. 1/500-க்கு மேல் போங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். அதனால் படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், ஆடிய இலையை நிறுத்தமுடியாது.

*எல்லாமே ஒரே திசையில் இழுத்த மாதிரி:* கை ஆட்டம். லென்ஸின் ஃபோக்கல் நீளம் எவ்வளவோ ஷட்டரும் அதற்குக் குறையாமல் இருக்கட்டும், 200 மில்லிமீட்டரில் 1/200. டிரைபாடில் வைத்தும் ஆடுகிறதா? லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசரை (கை ஆட்டத்தைச் சமன்செய்யும் அமைப்பு) அணைத்துப் பாருங்கள். பூங்காவில் டிரைபாட் விரிக்குமுன் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. காப்பித் தோட்டம் என்றால் அது தனியார் நிலம், அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

*உங்கள் இலை கலங்கல், பின்னால் கிளை தெளிவு:* ஃபோக்கஸ் தப்பிவிட்டது. எல்லாப் புள்ளிகளையும் கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் நடக்கும். ஒற்றைப் புள்ளியை இலை விளிம்பில் வையுங்கள். அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் பின்னால் போய்ப் பிடிக்கிறதா? டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யலாம்: டிரைபாடில் வைத்து, ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, வ்யூஃபைண்டர் வழியாக ஒன்றும் லைவ் வ்யூவில் (பின்திரையைப் பார்த்து) ஒன்றும் எடுங்கள். லைவ் வ்யூ தெளிவாகவும் மற்றது கலங்கலாகவும் வந்தால் ஃபோக்கஸ் அளவீடு விலகியிருக்கிறது. மெனுவில் 'ஏஎஃப் ஃபைன் டியூன்' அல்லது 'மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்' இருந்தால் நீங்களே சரிசெய்யலாம். இல்லாத மாடலுக்கு சர்வீஸ்தான்.

*எப்போதும் ஒரு பக்கம் மட்டும் கலங்கல்:* அதே செய்தித்தாளை நேராக வைத்து எஃப் 5.6-ல் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுங்கள். கலங்கல் கேமராவோடு சேர்ந்து செய்தித்தாளின் மறுபக்கத்துக்கு மாறினால் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. கீழே விழுந்த லென்ஸில் இது சகஜம். நீங்கள் கைவைக்கவே கூடாத இடம் இது. கேமராவோடு வந்த கிட் லென்ஸ் என்றால் சர்வீஸ் கட்டணத்தையும் செகண்ட்ஹேண்ட் லென்ஸ் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் இரண்டாவது மலிவு.

அறிகுறி: பால் ஊற்றிய மாதிரி மங்கல்

*போனா?* லென்ஸைத் துடையுங்கள். கிண்டல் இல்லை. விரல் எண்ணெய்தான் முதல் காரணம், மெத்தென்ற பருத்தித் துணி போதும்.

*ஏற்காடு போய் இறங்கியதும் வந்ததா?* அடிவாரத்தில் ஏறும்போது காரில் ஏசி. இருபது கொண்டை ஊசி வளைவு முடிந்து, ஏரிக்கரையில் கதவைத் திறந்ததும் ஈரக்காற்று. குளிர்ந்த கண்ணாடியில் நீர் படிகிறது. மேலே போவதற்கு முன்னாலேயே, பாதி மலையில் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டால் இது வராது. வந்துவிட்டால் துடைத்துத் துடைத்து ஏமாறாதீர்கள், மறுபடி படியும். கேமராவை மூடிய பைக்குள் வைத்து இருபது, முப்பது நிமிடம் காத்திருங்கள். பக்கத்தில் டீ கிடைக்கும். ஈரம் போகும்வரை லென்ஸைக் கழற்றாதீர்கள். மார்கழிக் காலையில் மேலே எடுத்துவிட்டு வெயில் ஏறியபிறகு சேலம் இறங்கும்போதும் இதே கதைதான்.

*லென்ஸ் உலர்ந்திருக்கிறது, படம் மட்டும் மங்கல்:* உங்களுக்கும் மரத்துக்கும் நடுவில் மூடுபனி இருக்கிறது. நூறடி தூரத்து மரத்தை விட்டுப் பத்தடி தூரத்துக் கிளைக்கு வாருங்கள். பனியில் கேமரா எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்க்கும், பிளஸ் 2/3 கூட்டுங்கள். இது கோளாறே அல்ல, மேகமூட்டத்தில் கிட்டத்து நிறம் வெயிலைவிட நன்றாக வரும். ஆனால் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே சேலத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் தூசிமங்கல் எப்போதும் இருக்கும். மழை பெய்து வெளுத்த மறுநாள் காலைதான் அதற்கு வழி.

*மங்கல் உள்ளே இருக்கிறதா?* லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். ஆவி போலத் தெரிந்தால், மூடுகிற டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு ஒரு நாள் வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், ஹேர் டிரையர் பக்கமே போகாதீர்கள். மறுநாளும் ஆவி இருந்தால் சர்வீஸ். சிலந்தி நூல் போலக் கிளைத்துத் தெரிந்தால் அது பூஞ்சை. காத்திருக்க வேண்டாம், அன்றே கொடுங்கள். அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்கவும் வேண்டாம். பூஞ்சை கோட்டிங்கை அரித்துவிட்டால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. மலையிலேயே குடியிருப்பவர்கள் ஈரப்பதத்தை நாற்பது, ஐம்பது சதவீதத்தில் வைக்கும் டிரை கேபினெட் வாங்கிவிடுவது, பூஞ்சைக்குச் செலவழிப்பதைவிடக் குறைந்த செலவு.

அறிகுறி: எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி

எஃப் 16 வைத்து, வெறும் வானத்தை ஃபோக்கஸ் இல்லாமல் எடுங்கள். புள்ளி தெளிவாகத் தெரிந்தால் சென்சார் தூசி. மெனுவில் சென்சார் கிளீனிங்கை இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். போகாவிட்டால் கேமரா வாயைக் கீழே பார்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில், ஸ்ப்ரே டப்பாவால் அடித்தால் ரசாயனக் கறை. புளோயருக்கும் அசையாமல் வட்டமாக நிற்கும் புள்ளி எண்ணெய்ப் பசை, அதற்கு ஆள் வேண்டும்.

அறிகுறி: போனில் சிவப்பு, பிரிண்டில் பழுப்பு

போன் திரை 'விவிட்'டில் இருக்கும், 'நேச்சுரல்' ஆக்கிவிட்டுப் பாருங்கள். அப்போதே பாதி நிறம் இறங்கினால் பிரிண்ட் பொய் சொல்லவில்லை, உங்கள் போன்தான் சொன்னது. கேமராவில் கலர் ஸ்பேஸ் 'அடோபி ஆர்ஜிபி' என்றிருந்தால் 'எஸ்ஆர்ஜிபி'க்கு மாற்றுங்கள். இரண்டும் சரியென்றால் பெரிய சைஸ் போடுவதற்கு முன்னால் 4×6-ல் ஒன்று போட்டுப் பாருங்கள். லேபில் "கரெக்ஷன் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள், கல்யாண ஆல்பத்து முகத்துக்கு ஏற்ற மாதிரி இலையையும் வெளுப்பாக்கிவிடுவார்கள். அதற்கும் ஒத்துவராமல், தொடர்ந்து பிரிண்ட் போடுகிறவராக இருந்தால் திரையை அளந்து சரிசெய்யும் கருவியோ ஆளோ தேவை.

சர்வீஸுக்குக் கொடுக்க நேர்ந்தால்

மெமரி கார்டு, பேட்டரி, ஸ்ட்ராப், ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றிக்கொள்ளுங்கள். பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் எண்ணையும் போனில் படமாக எடுத்துவையுங்கள். "சரியா இல்லீங்க" என்று சொல்லிக் கொடுத்தால் கடைக்காரர் முதலிலிருந்து தேடுவார், நேரமும் காசும் போகும். மேலே செய்த சோதனைப் படங்களையே காட்டுங்கள்: செய்தித்தாள், வெறும் வானம், வெள்ளைத் தாள். மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள், பிரித்துப் பார்க்கவே கட்டணம் உண்டா என்று முன்னாலேயே கேளுங்கள். திரும்ப வாங்கும்போது கடை வாசலிலேயே அதே செய்தித்தாள் சோதனையை இன்னொரு தடவை செய்துவிட்டுப் பணம் கொடுங்கள்.